சுண்டுவிரலில் தொடங்கும் தையல்

பிரிஸ்பேனில் இருக்கும் பேத்திக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. அங்கே மரத்துக்கு மரம் தாவும் சுகர் கிளைடர் என்ற சின்ன விலங்கின் வேடம்தான் வேண்டுமாம், அதுவும் தாத்தா தைத்ததாக. குடியாத்தத்தில் 38 வருடமாக ரவிக்கையும் சீருடையும் தைப்பவன் நான். மிருகத்துக்கு எப்படி அளவெடுப்பது?

அவசரப்பட்டு வௌவால் கணக்கில் விரலுக்கு விரல் துணி வைத்து வெட்டிவிட்டேன். சாம்பல் நிறக் கைலித் துணி ஒன்றரை மீட்டர் வீண். "வௌவால் இல்லையப்பா, இது பறக்காது, காற்றில் சறுக்கும்" என்று மகள் வீடியோ அனுப்பினாள்.

நம் அணில் அளவுதான். எடை 100 கிராம் சொச்சம். ஆனால் அணில் சாதியே இல்லை, கங்காரு போல வயிற்றில் பை வைத்த இனம். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கையின் சுண்டுவிரலில் தொடங்கி விலாவோடு இறங்கிப் பாதத்தில் முடிகிறது, அது சறுக்க விரிக்கும் தோல். பறக்கும் அணிலுக்கு இதே தோல் மணிக்கட்டில் தொடங்குகிறதாம். உறவே இல்லாத இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே உடுப்பு!

கிளையில் நடக்கும்போது தோல் விலாவோரம் அலையலையாகச் சுருங்கிக் கிடக்கிறது, நான் பாவாடைக்கு எலாஸ்டிக் வைத்துச் சுருக்கம் பிடிப்பது போலவே. தாவியதும் கை கால் நான்கும் விரிய, சதுரத் துணியாகிவிடுகிறது. 50 மீட்டர் வரைகூடப் போகுமாம். மரத்தை நெருங்கியதும் உடம்பை நிமிர்த்தி நான்கு காலாலும் பட்டையைப் பற்றுகிறது. பேத்திக்கும் எலாஸ்டிக்தான் வைத்தேன். ஓரத்தை இரட்டைத் தையலாக அடித்தேன், சோபாவிலிருந்து குதிக்காமல் இருக்கமாட்டாள்.

தைலமரப் பட்டையைக் கடித்து, வடியும் சாற்றை நக்குமாம். நாம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று திட்டும் அதே மரம்! வாலில் இலைகளைச் சுருட்டி எடுத்துப்போய் மரப்பொந்தில் மெத்தை போட்டுக் கூட்டமாகத் தூங்கும். வாலுக்குப் பஞ்சு அடைப்பதற்குள் எனக்கு ஒரு பகல் போய்விட்டது.

ஆணுக்கு உச்சந்தலையில் சிறு வழுக்கை உண்டு. மணச்சுரப்பி இருக்கும் இடம். மகள் இதைச் சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்துச் சிரித்தாள். பேத்தி பெண் என்பதால் குல்லாயில் வழுக்கை வைக்கவில்லை, வயிற்றில் பை வைத்தேன். 16 நாளில் பிறக்கும் அரிசி மணி அளவுக் குட்டி தானே ஊர்ந்துபோய் இரண்டு மாதத்துக்கு மேல் அதற்குள்தான் கிடக்கும். உள்ளே வெல்வெட் கொடுத்திருக்கிறேன்.

"பைக்குள் என்னம்மா வைப்பாய்?" என்று கேட்டேன்.

"சாக்லேட், தாத்தா."