ரீட்டாவுக்கு மட்டும் எப்படி தனி வாத்தியார்?

லண்டன்ல ஒரு காலேஜ்ல பெரியவங்களுக்கு ஈவ்னிங் க்ளாஸ் எடுக்கறது என் வேலை. பகல் பூரா எங்கயாவது உழைச்சுட்டு, பஸ்ல சாண்ட்விச்ச கடிச்சுக்கிட்டே ஓடி வர்றவங்கதான் என் ஸ்டூடண்ட்ஸ். எங்க டிபார்ட்மெண்ட்ல ரொம்ப நாளா இவங்களுக்கு 'எஜுகேட்டிங் ரீட்டா' போட்டுக் காட்டுறது வழக்கம். 1983ல வந்த படம், லிவர்பூல்ல பார்லர்ல முடிவெட்டுற ஒரு பொண்ணு ஓப்பன் யூனிவர்சிட்டில சேந்து இலக்கியம் படிக்க வர்றா, சொல்லித்தர்ற வாத்தியார் பெரிய குடிகாரர்.

ஒரு மீட்டிங்ல கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் கேட்டார், இதுல மெயின் கேரக்டர் எல்லாமே வெள்ளக்காரங்க, நம்ம க்ளாஸ்ல பாதிப்பேர் ஆப்பிரிக்காவும் ஆசியாவும், இந்தப் படம் இன்னும் எதுக்குன்னு. நியாயமான கேள்வி. லிவர்பூல்ல கறுப்பின மக்கள் பல தலைமுறையா வாழ்றாங்க, படம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் அங்க டாக்ஸ்டெத்ல போலீஸுக்கும் ஜனங்களுக்கும் மோதல் வந்து தெருத்தெருவா எரிஞ்சுது, படத்துல அதோட வாடையே அடிக்கல. அட, லிவர்பூலே இல்லங்க, ஷூட்டிங் டப்ளின்ல, யூனிவர்சிட்டின்னு காட்டுறது அங்க இருக்கிற டிரினிட்டி காலேஜ். ரீட்டாவா நடிச்ச ஜூலி வால்டர்ஸும் பர்மிங்ஹாம் பக்கத்துக்காரங்க.

ஆனா க்ளாஸ்ல நடந்தது வேற. புருஷன் ரீட்டாவோட புத்தகத்தையெல்லாம் போட்டு எரிக்கிற சீன் வந்தப்போ ஒரு சத்தமும் இல்ல. பெட்ரோல் பங்க்ல கேஷியரா இருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க, முடிஞ்சதும் எங்கிட்ட வந்து, "டீச்சர், உது எங்கட வீட்டுக் கதை, இங்க ஆக்கள் மட்டும்தான் வெள்ளை"ன்னாங்க. கதை எழுதின வில்லி ரஸ்ஸலும் 15 வயசுல ஸ்கூல விட்டுட்டு பார்லர்ல முடிவெட்டிட்டு, அப்புறம் ஈவ்னிங் க்ளாஸ் போய்ப் படிச்சவர்தான், அதனாலதான் அந்த வலி இவ்ளோ சரியா விழுது.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. ரீட்டாவுக்கு தனி ரூம், தனி வாத்தியார், வாரா வாரம் ஒருத்திக்கு ஒருத்தர். 1971ல பாடம் நடத்த ஆரம்பிச்ச ஓப்பன் யூனிவர்சிட்டிக்கு முன்படிப்பு எதுவும் தேவையில்ல, அப்பல்லாம் பாடம் தபால்ல வரும், பிபிசில கண்ட நேரத்துல ப்ரோக்ராம் ஓடும், ட்யூட்டோரியல்னா பெரும்பாலும் பத்துப்பேர் சேந்து உக்காந்து பேசறதுதான். பெரியவங்க படிப்போட உயிரே அந்தக் கூட்டம்தான். எங்க க்ளாஸ்ல ஒரு நைஜீரியா அம்மா நோட்ஸ ஃபோட்டோ எடுத்து லீவு போட்டவருக்கு அனுப்புவாங்க, ரிட்டயர்ட் பஸ் டிரைவர் இன்னொருத்தருக்கு கமா எங்க வைக்கணும்னு சொல்லிக்குடுப்பார். ஏழைப்பொண்ணு ஒருத்தி, அவள உருவாக்குற படிச்ச ஆம்பள ஒருத்தர்னு படம் சுருக்கிடுது. நாளைக்கே நாலு கறுப்பு முகத்த உள்ள கொண்டு வந்தாலும் இந்த ஓட்டை அடையாது. (படம் பிடிக்காதுன்னு நினைச்சுடாதீங்க, அந்த பப் சீன்ல ரீட்டாவோட அம்மா பாடிக்கிட்டே அழுறப்போ நான் இன்னும் திரும்பி போர்ட அழிக்கிற மாதிரி நிப்பேன்.)

இந்த டெர்ம்ல கட்டுரைக் கேள்விய மாத்திட்டேன், படத்துல இல்லாத ஒரு ஆளோட பார்வைல கதைய எழுதுங்கன்னு. நெறைய பேர் ரீட்டாவோட சிநேகிதிய எழுதினாங்க. ஆபீஸ் க்ளீனிங் வேலை பாக்கற ஒரு கானா நாட்டம்மா மட்டும் வேற எழுதினாங்க. புரொஃபசர் புத்தகத்துக்குப் பின்னாடி விஸ்கி பாட்டில ஒளிச்சு வைக்கிறார்ல, அந்த அலமாரிய தொடைக்கிறவளுக்கு ரீட்டா வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே அது தெரியும், எத்தனை பாட்டில், எந்தெந்தப் புத்தகத்துக்குப் பின்னாடி, எல்லாம். புரொஃபசரா நடிச்ச மைக்கேல் கெய்னோட அப்பா பில்லிங்ஸ்கேட் மீன் மார்க்கெட்ல கூலி, அம்மா வீடு கூட்டுற வேலைன்னு நான் சொன்னதும் அந்தம்மா சிரிச்சுட்டு, அப்ப அவருக்கு எம்மேல பயம் இருந்திருக்கும்னு ஒரு வரி சேத்துக்கிட்டாங்க. ஸ்பெல்லிங் மட்டும் ரெண்டு எடத்துல திருத்திக் குடுத்தேன்.