நைத்திரேற்றாக்கம்: ஆர்க்கியாவை விடையிலும் ஆய்வுகூடத்திலும் விட்டுவிடாதீர்கள்

மண் நுண்ணுயிரியல் தாளில் நைத்திரேற்றாக்க (அமோனியா நைத்திரைற்றாகி, பின் நைத்திரேற்றாக மாறுதல்) வினா வந்தால், உயர்தரத்தில் படித்த நைத்திரசோமோனாசு, நைத்திரோபற்றர் என்ற இரண்டு பற்றீரியாப் பெயரோடு விடையை முடிப்பவர்கள் இன்னும் பலர். பல்கலைக்கழக மட்டத்தில் அது போதாது. அமோனியாவை ஒட்சியேற்றும் ஆர்க்கியாவுக்கு (பற்றீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர்க் குழு) ஒரு முழுப் பந்தி ஒதுக்குங்கள். 2005இல் சியற்றில் நகரக் கடலுயிர்க் காட்சியகத் தொட்டியொன்றிலிருந்து நைத்திரசோபியூமிலசு என்ற ஆர்க்கியா பெறப்பட்டது. 2006இல், ஆராயப்பட்ட மண்களில் ஆர்க்கியாவின் அமோ-ஏ பரம்பரை அலகு (அமோனியாவை ஒட்சியேற்றும் நொதியத்துக்கானது) பற்றீரியாவினுடையதை விட மிக அதிகமாக இருப்பது காட்டப்பட்டது. 2011இல் வியன்னாத் தோட்டமண்ணிலிருந்து நைத்திரசோஸ்பேரா என்ற மண் ஆர்க்கியா வளர்க்கப்பட்டது. ஆண்டு மறந்தாலும் பாதகமில்லை, ஆர்க்கியா முக்கியமாவதன் காரணம் மறக்கக்கூடாது.

காரணம் இதுதான்: நொதியத்துக்கு வேண்டியது அமோனியம் அயன் அல்ல, அமோனியா. பீ.எச். 7இல் மொத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவே அமோனியாவாக இருக்கும், பீ.எச். 5இல் அதிலும் ஏறத்தாழ நூறு மடங்கு குறையும். அமில மண்ணிலும், சேதனப் பொருள் உக்கி அமோனியா மெல்ல மெல்ல வெளிவரும் மண்ணிலும் மிகக் குறைந்த அமோனியாவிலும் இயங்கவல்ல ஆர்க்கியா முந்துவதற்கு இதுவே அடிப்படை. நைத்திரசோபியூமிலசின் அரைநிரம்பற் செறிவு (வேகம் உச்சத்தின் பாதியை எட்டும் செறிவு) லீற்றருக்கு 0.13 மைக்ரோமூல் அளவுதான். ஆனால் அந்த எண்ணை எல்லா மண் ஆர்க்கியாவுக்கும் ஏற்றிவிடாதீர்கள்.

யாழ்ப்பாண மண்ணை உதாரணமாக எழுதும்போது கவனம் வேண்டும். சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் செம்மண்ணில், யூரியா அள்ளிப் போடும் வெங்காயத் தறையில், பற்றீரியாவின் பங்கு கூடும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். பசளை காணாத பனங்கூடல் மண்ணோடு அதை ஒப்பிடுவது நல்லதோர் ஆய்வுத் தலைப்பு. கிணற்று நீரின் நைத்திரேற்றுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஒரு வரியில் சொல்லலாம். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

நைத்திரேற்றாக்க வீதத்தை அளக்கும் செயன்முறையில்தான் அதிகம் பிழைக்கிறது. மண்ணை வெயிலில் காயவிடாதீர்கள்: காய்ந்த மண்ணில் நுண்ணுயிர் சாகும், திரும்ப நனைத்ததும் அமோனியம் திடீரென எழும். ஈரமாகவே 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, 4 பாகையில் வைத்து, சில நாளுக்குள் பயன்படுத்துங்கள். அமோனியம், நைத்திரைற்று, நைத்திரேற்றைப் பிரித்தெடுக்க 10 கிராம் மண்ணுக்கு லீற்றருக்கு 2 மூல் செறிவுள்ள பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் 100 மில்லிலீற்றர், ஒரு மணித்தியாலக் குலுக்கல். அந்தக் கரைசலுக்கு லீற்றருக்கு 149 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு தேவை. மண் இல்லாத வெற்று மாதிரி கட்டாயம். வடிதாளிலேயே அமோனியம் ஒட்டியிருக்கும். நைத்திரைற்றுக்கான நிறச் சோதனையான கிரீஸ் சோதனையில் நிறம் மிக ஆழமாக வந்தால், நிறமேறிய கரைசலில் நீர் விடாதீர்கள். பிரித்தெடுத்த கரைசலை ஐதாக்கி, சோதனைப்பொருளைப் புதிதாகச் சேருங்கள்.

கணக்கில் இரண்டு வழு திரும்பத் திரும்ப வரும். உலர் மண்ணின் நிறைக்கு 15 வீத ஈரமுள்ள 10 கிராம் மண்ணில் உலர் மண் 8.7 கிராமே, மீதி 1.3 மில்லிலீற்றர் நீர் கரைசலின் கனவளவில் சேரவேண்டும். இரண்டையும் விட்டால் நைத்திரேற்றாக்க வீதமே பிழை.

ஆர்க்கியாவையும் பற்றீரியாவையும் பிரித்தறிய நிரோதிகளே (தொழிற்பாட்டைத் தடுக்கும் பொருள்களே) துணை. அசெற்றிலீன் இரண்டையும் நிறுத்தும். 1-ஒக்ரைன், லீற்றருக்கு 4 மைக்ரோமூல் செறிவில், பற்றீரியாவை நிறுத்தி ஆர்க்கியாவைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒக்ரைன் இட்ட போத்தலின் வீதத்திலிருந்து அசெற்றிலீன் இட்டதன் வீதத்தைக் கழித்தால் ஆர்க்கியாவின் பங்கு கிடைக்கும். ஒன்று வாயு, மற்றது எளிதில் ஆவியாவது; மூடி சரியாக இறுகாவிட்டால் நிரோதி வெளியேறி, பற்றீரியாவின் வேலை ஆர்க்கியாவின் கணக்கில் விழும். போத்தலின் மேல்வெளி (மண்ணுக்கு மேலுள்ள காற்றிடம்) போதாவிட்டால் ஒட்சிசன் தீர்ந்து எல்லாமே குறையும்.

பி.சி.ஆர். மூலம் அமோ-ஏ டி.என்.ஏ.யைப் பெருக்குபவர்களுக்கு: வழக்கமான முதலிகளில் (பெருக்கத்தைத் தொடக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளில்) ஆர்க்கியாவின் விளைபொருள் 635 காரச்சோடி, பற்றீரியாவினது 491. பட்டை வராவிட்டால் உடனே முதலியைக் குறைசொல்லாமல், டி.என்.ஏ.யைப் பத்து மடங்கு ஐதாக்கிப் பாருங்கள்; பெரும்பாலும் மண்ணிலிருந்து வரும் ஹியூமிக் அமிலமே தடை. ஆர்க்கியாவின் அமோ-ஏ பிரதி எண்ணிக்கை கூடியிருப்பதை மட்டும் வைத்து ஆர்க்கியாவே நைத்திரேற்றாக்கம் செய்கிறது என முடிவெழுதாதீர்கள். செத்த கலத்தின் டி.என்.ஏ.யும் அந்த எண்ணுக்குள் வரும். நிரோதிச் சோதனையின் வீதத்தையும் பக்கத்தில் வைத்தே எழுதவேண்டும்.