6 மில்லியா, 12 மில்லியா?

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு அப்பாவை இரண்டு தடவை கூட்டிப் போனேன். முதல் தடவை போனது முழுக்க வீண்.

காலில் புண் ஆறவில்லை. ரத்தக்குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் சிடி ஸ்கேனில் அதுவே வெள்ளையாகத் தெரிந்து அடைப்பை மறைத்துவிடுமாம். சிடிக்குப் போடும் அயோடின் மருந்தும் அப்பாவின் கிட்னிக்கு ஆகாது. அதனால் எம்ஆர் ஆஞ்சியோ, அதாவது எம்ஆர்ஐ ஸ்கேனில் ரத்தக்குழாயைப் படமெடுப்பது.

முதல் சென்டரில் காலை ஏழரைக்கே போய் உட்கார்ந்தோம். பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்க அண்ணாச்சி?" என்றார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. கையில் இருந்தது நாலு மாசத்துக்கு முந்தியது. போனில் புக் செய்தபோது இதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சரி, ஸ்கேனில் குழாய் தெளிவாகத் தெரிய என்ன மருந்து போடுவீங்க என்று கேட்டால், பில் போடுகிற தம்பி, "டை ஊசிதான், எல்லாம் ஒண்ணுதான்" என்கிறான்.

ஒன்றில்லை. கிட்னி டாக்டர் சீட்டிலேயே 'மேக்ரோசைக்ளிக் மட்டும்' என்று எழுதியிருந்தார். இந்த ஊசி மருந்துகளில் இருப்பது காடோலினியம் என்ற உலோகம். தனியாக விட்டால் அது விஷம்; அதனால் வேறொரு மூலக்கூறு அதைப் பிடித்து வைத்திருக்கும். லீனியர் வகையில் அந்தப் பிடி லேசானது, மேக்ரோசைக்ளிக்கில் கூண்டு போல இறுக்கமானது. கிட்னி மோசமானவர்களுக்கு மருந்து வெளியேற நாளாகும், பிடி நழுவ நேரம் கிடைக்கும். தோல் இறுகிப்போகும் ஒரு நோயை இந்த மருந்துகளோடு 2006-லேயே தொடர்புபடுத்திவிட்டார்கள். நான் விடாமல் நின்றதில் டப்பாவைக் காட்டினார்கள்: காடோடையமைட். லீனியர். 2017-ல் ஐரோப்பாவில் நிறுத்தி வைத்த மருந்து! அப்பாவை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

ரத்தப் பரிசோதனை செய்தோம். கிரியாட்டினின் 2.2, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இஜிஎஃப்ஆர் 32. முப்பதுக்குக் கீழே போனால்தான் ரொம்பப் பயப்பட வேண்டும் என்றாலும், விளிம்பில் நிற்பவருக்கு எதற்கு வம்பு?

இரண்டாவது இடத்துக்குப் போகும் முன்னே போனில் மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டேன். காடோபுட்ரால், மேக்ரோசைக்ளிக்தான். ஆனால் 6 மில்லி என்றார்கள். முதல் இடத்தில் 12 மில்லி சொன்னார்களே, பாதியைக் குறைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சண்டைக்கே போய்விட்டேன். டெக்னீஷியன் பொறுமையாகச் சொன்னார்: "இது டபுள் ஸ்ட்ராங் அண்ணாச்சி. மத்ததுல பெரும்பாலும் கிலோவுக்கு 0.2 மில்லி, இது 0.1 தான்." அப்பா 60 கிலோ. கணக்குச் சரிதான். அசடு வழிய உட்கார்ந்தேன்.

ஸ்கேன் சுகமாக முடிந்தது. படத்தில் புண் இருக்கிற பாதத்தில் மட்டும் சிரைகளும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிந்தன. அங்கே ரத்தம் சீக்கிரம் திரும்பிவிடுவதால் அப்படியாம். அடைப்பு இருக்கும் இடம் தெளிவாகத் தெரிந்தது.

கிளம்பும்போது காலிக் குப்பியின் லேபிளைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு அதெல்லாம் அக்கறையில்லை. "ஒரு ஊசிக்கு இம்புட்டுப் பேச்சாலே? முதல்ல காப்பி வாங்கு" என்றார்.