200 அடிக்குள் எங்கள் வீடு

தபால்காரர் நீட்டிய பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டு அந்தக் கடிதத்தை வாங்கினேன். (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க நாங்கள் 11 வருடமாகக் காத்திருக்கும் பச்சை அட்டை வேறு.) எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தில் கார் கழுவும் நிலையம் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது, 12 நாள் கழித்து எங்கள் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பின் ஜோனிங் போர்டில் (எந்த இடத்தில் எதைக் கட்ட விடலாம் என்று தீர்மானிக்கும் குழு) விசாரணை என்று அதில் இருந்தது. நியூஜெர்சியில் 1975-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட விண்ணப்பம் வந்தால் அந்த இடத்திலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே விண்ணப்பதாரர் தகவல் கொடுத்தாக வேண்டும். எங்கள் வீடு அந்த வட்டத்துக்குள் வருகிறது.

கார் கழுவுவதில் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. பயமெல்லாம் தண்ணீரைப் பற்றியது. 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி இரவு ஐடா புயலின் மிச்சம் எங்கள் மேல் கொட்டியபோது, அந்தக் காலி மனைப் பக்கமிருந்துதான் தண்ணீர் வந்தது. பேஸ்மென்டில் முழங்காலளவு நின்றது. அந்த மண்ணையும் தார் போட்டு மூடிவிட்டால் என்ன ஆகும்?

முதலில் தவறான கதவைத் தட்டினேன். டவுன்ஷிப் கவுன்சில் கூட்டத்துக்குப் போய்ப் பொதுமக்கள் பேசும் நேரத்தில் முறையிட்டேன். மேடையில் இருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இது போர்டின் முன் இருக்கும் விஷயம், நாங்கள் தலையிட முடியாது" என்றார்கள். ஜோனிங் போர்டு ஏறத்தாழ நீதிமன்றம் மாதிரி. அதன் உறுப்பினரைக் கடையில் பார்த்து நியாயம் பேசக்கூட வழியில்லை. விசாரணையில் பதிவானதை வைத்துத்தான் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

வாக்குரிமை இல்லாத நான் அங்கே பேசலாமா என்ற சந்தேகமும் இருந்தது. கிளார்க் அம்மாள் சிரித்துக்கொண்டே, "வரி கட்டுகிறீர்கள் அல்லவா, வந்து பேசுங்கள்" என்றார். வரைபடங்கள் அவரிடமே பார்வைக்கு இருந்தன. நிலையம் வந்தால் மழைநீர் எங்கே போகும் என்று நிறுவனம் கொடுத்திருந்த மழைநீர் அறிக்கையின் பிரதி கேட்டு, 2002 முதல் நடைமுறையில் இருக்கும் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் மனு எழுதிக் கொடுத்தேன். ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. ஆறாம் நாள் மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஆனால் அதை அப்போது நான் படிக்கவில்லை. என் கவனமெல்லாம் கையெழுத்து வேட்டையில் இருந்தது. வீடு வீடாக ஏறி 63 கையெழுத்து வாங்கியிருந்தேன்.

விசாரணை அன்று மாலை, கூட்டம் முறைப்படி அறிவிக்கப்பட்டது என்ற வாசகத்தை முதலில் வாசித்தார்கள். பிறகு நிறுவனத்தின் வழக்கறிஞர் தன் பொறியாளரைச் சாட்சியாக நிறுத்தினார். ஒரு மணி நேரம் படம் காட்டி விளக்கினார். "பொறியாளரிடம் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம்" என்று தலைவர் சொன்னதும் நான்தான் முதலில் எழுந்தேன். என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிச் சுருக்கெழுத்தாளர் எழுதி முடிக்கவே இரண்டு நிமிடம் போனது. அப்புறம் புயல், பேஸ்மென்ட், குழந்தைகள் என்று ஆரம்பித்தேன். தலைவர் கையை உயர்த்தினார்.

"ஐயா, இதில் கேள்வி எது?"

சாட்சி பேசி முடித்ததும் அவரிடம் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். நம் கருத்தைச் சொல்லும் கட்டம், எல்லாச் சாட்சிகளும் முடிந்த பிறகு, உறுதிமொழி எடுத்துக்கொண்டு. யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. சரி, மனுவையாவது கொடுப்போம் என்று 63 கையெழுத்தை நீட்டினேன். போர்டின் வழக்கறிஞர் தொடக்கூட இல்லை. காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதாம். அந்த 63 பேரும் நேரில் வந்து பேசினால்தான் கணக்கு. அன்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், அவர் சொன்னது நியாயம்தானே என்றும் தோன்றியது.

பத்தரை மணிக்கு அன்றைய விசாரணையை நிறுத்தி அடுத்த மாதத் தேதியைத் தலைவர் வாயால் சொன்னார். "இனி தனியாகக் கடிதம் வராது" என்றார். பாதியில் கிளம்பிப்போன இரண்டு குடும்பங்களுக்கு நான் போன் செய்து சொல்லவேண்டியதாயிற்று.

அந்த மாதம் முழுக்க இரவில் மழைநீர் அறிக்கையைப் படித்தேன். புரியாத பக்கங்களே அதிகம். மண் சோதனைப் பக்கத்தில் மாட்டினேன். இரண்டு சோதனைக் குழிகள், இரண்டும் நெடுஞ்சாலை ஓரத்தில். மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கப்போகும் பெரிய குழியோ எங்கள் வேலியை ஒட்டி. வரைபடத்தின்மேல் ஸ்கேல் வைத்து மூன்று முறை பார்த்தேன்.

இரண்டாம் விசாரணையில் எங்கள் தெருவிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பொறியாளரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "தேக்கக் குழி வரும் இடத்தில் மண் சோதனை செய்தீர்களா?" அவர் தாளைப் புரட்டினார். "அந்த இடத்தில் இல்லை." நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப்பின் டவுன்ஷிப்பின் பொறியாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இருபது நிமிடம் அவரைக் கேட்டார். என் உடைந்த ஆங்கிலத்தைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது.

கருத்துச் சொல்லும் கட்டம் வந்தபோது, உறுதிமொழி எடுத்து, ஐடா இரவில் நான் எடுத்த புகைப்படத்தைக் கொடுத்தேன். எடுத்தவனே நேரில் நின்றதால் ஏற்றுக்கொண்டார்கள். அதன் மூலையில் ஒரு சிறு சீட்டை ஒட்டி "ஓ-1" என்று எழுதினார்கள். வேலியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர், அதில் மிதக்கும் எங்கள் குப்பைத் தொட்டி. ஏழு உறுப்பினர்களும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

மூன்றாம் மாதம் வாக்கெடுப்பு. அந்த மண்டலத்தில் அனுமதிக்கப்படாத தொழில் என்பதால் ஏழில் ஐந்து வாக்கு வேண்டும். ஐந்து ஆதரவு, இரண்டு எதிர்ப்பு. நிலையம் வரப்போகிறது. எதிர்வீட்டு அண்ணாச்சி, "இதற்கா மூன்று மாதம் அலைந்தோம், தம்பி?" என்று பார்க்கிங்கில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அதற்கடுத்த மாதம் தீர்மானத்தை எழுத்தில் நிறைவேற்றினார்கள். முனிசிபல் கட்டடத்துக்குப் போய்ப் பிரதி வாங்கினேன். 11 பக்கம், பக்கத்துக்கு 5 சென்ட், மொத்தம் 55 சென்ட். கார் நிறுத்துமிடத்தில் நின்றே படித்தேன். நிபந்தனைகளில் ஒன்று: பின்வேலி ஓரத்தில் புதிதாக மண் சோதனை செய்து, டவுன்ஷிப் பொறியாளர் ஒப்புக்கொண்ட பிறகே கட்டட வேலை தொடங்க வேண்டும். அதன் காரணமாகக் குறிப்பிடப்பட்டிருந்தது, சான்று ஓ-1.

அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். சோதனைக் குழி தோண்டும் இயந்திரம் எப்போது வரும் என்று இப்போது அவர்தான் வாரம் தவறாமல் கேட்கிறார்.