கொடை நோட்டீஸ்

லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். என் பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியை உருவிக்கொண்டிருந்த அம்மா, அடியில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள். "என்னட்டி இது, உங்க ஊர்லயும் கோயில் கொடை உண்டா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இளஞ்சிவப்புத் தாள், வரிசையாகத் தேதி, கிழமை, நேரம். கொடை என்கிற கோயில் திருவிழாவுக்கு, குடியழைப்பு, வில்லுப்பாட்டு, மதியக் கொடை, நடுராத்திரிச் சாமக் கொடை என்று அச்சடித்து எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் வீட்டுக்கு வீடு போடுவார்களே, அதே சாடை. ஆனால் அது பெர்லினில் நான் குடியிருக்கும் நொய்க்கோல்ன் பகுதி அருங்காட்சியகத்தின் நிகழ்ச்சி நிரல்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில் அங்கே போய் இறங்கினேன். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டு. முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, வாடகை வீடு எல்லாம் எல்லாரும் படுகிற பாடுதான், அதை விடுங்கள். என்னைத் திணறடித்தது ஞாயிற்றுக்கிழமை. கடைகள் அடைத்திருக்கும், தெருவில் பேச்சுச் சத்தம்கூட இருக்காது. ஊரில் நான் காலண்டர் பார்த்ததே குறைவு. நெல்லையப்பர் தேர் என்றால் ஆனி, பாளையில் பன்னிரண்டு சப்பரமும் கிளம்பினால் தசரா. அங்கே வாடகை கழிந்த குறுஞ்செய்தி வந்தால்தான் மாசம் பிறந்தது தெரியும்.

மேல்மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிதான் அந்தத் தாளை முதலில் கொடுத்தார். திங்கள் மட்டும்தான் லீவு, ஞாயிறு திறந்திருக்கும், உள்ளே போகக் காசு கிடையாது என்றார். உண்மையைச் சொன்னால், காசு கிடையாது என்பதற்காகத்தான் போனேன்.

பிரிட்ஸ் என்ற இடத்தில், பழைய பண்ணை வளாகம் ஒன்றில் 2010 முதல் இருக்கிறது அது. நிரந்தரக் கண்காட்சியில் மொத்தமே 99 பொருள்கள். ஒரு பேட்டையின் கதையைச் சொல்ல அது போதும் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டிய துணிச்சல். பொருளைப் பார்த்துவிட்டு அதன் கதையைத் திரையில் தேடிப் படிக்கலாம். என் ஜெர்மன் அப்போது பால் வாங்க மட்டும்தான் காணும். ஒரு பொருளுக்கு ஒரு ஞாயிறு ஆனது.

அப்படி எழுத்துக் கூட்டிப் படித்ததில் தெரிந்துகொண்டது: 1912 வரை நொய்க்கோல்னுக்கு ரிக்ஸ்டோர்ஃப் என்று பெயர். குடியும் கூத்தும் என்று பேர் கெட்டுப்போனதால் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1737-இல், மதத்துக்காகப் பொஹீமியாவை (இன்றைய செக் நாட்டுப் பகுதி) விட்டு ஓடிவந்த குடும்பங்களுக்கு, பெர்லினைத் தலைநகராக வைத்து ஆண்ட பிரஷ்ய ராஜா அங்கே இடம் கொடுத்திருக்கிறார். அவர்கள் குடியேறிய தெருவுக்குள் போனால் இன்றைக்கும் கிராமத்துக்குள் நுழைந்த மாதிரிதான் இருக்கும். பிரஷ்யா என்றதும் எனக்கு ரேனியஸ் ஐயர் ஞாபகம் வந்தது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி, பிரஷ்யாக்காரர். களக்காட்டுப் பக்கம் இருக்கும் டோனாவூர்கூட, பணம் கொடுத்து உதவிய டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயரைத் தாங்கிய ஊர்தான். பள்ளிக்கூட நாளில் எத்தனையோ தடவை அந்த ஊர் பஸ்ஸைப் பார்த்திருக்கிறேன், பெயரை யோசித்ததில்லை.

இப்போது நிரல் வந்ததும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை நகரத்தின் அருங்காட்சியகங்கள் பலவும் இரவு இரண்டு மணி வரை திறந்திருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 1997-இல் பெர்லினில்தான் இந்தப் பழக்கம் ஆரம்பித்தது. செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு பழைய கட்டடங்களைத் திறந்துவிடுகிற நாள், சாதாரணமாக உள்ளே போக முடியாத இடத்துக்கும் போகலாம். இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். "அப்பம் சாமக் கொடைக்கு முழிச்சிருக்க மாதிரின்னு சொல்லு" என்றாள்.

அந்த உற்சாகத்தில் நம்மூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டு. அங்கே திங்கள் விடுமுறை, இங்கே வெள்ளி. பாளையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியவில்லை!

மறுநாள் அப்பா காரை எடுத்தார். செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டி ஆதிச்சநல்லூர் அகழாய்வுத் தளம். தோண்டிய குழியை மூடாமல், மேலே கண்ணாடி பதித்து நம்மை நடக்க விட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கண்ணாடியில் கால் வைத்தாள்.

மேல்மாடிப் பாட்டி கேட்ட கேள்வியை அங்கே வைத்துத்தான் சொன்னேன். "99 இருக்கிறதே, நூறாவதாக உன் ஊரிலிருந்து எதைக் கொண்டுவந்து வைப்பாய்?" என்று கேட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

அப்பா குனிந்து தாழியைப் பார்த்தபடியே, "நாமதான் ஏற்கெனவே குடுத்தாச்சுல்லா" என்றார். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதன்முதலில் இந்தப் பரம்பு மேட்டைத் தோண்டி, கிடைத்ததைக் கொண்டுபோனது பெர்லினுக்குத்தான். என் ஊர் மண் அங்கே எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரியாமல் நாலு வருஷம் இருந்திருக்கிறேன்.

"அது அவன் எடுத்துட்டுப் போனது. இவ குடுக்கது வேற" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். திரும்பி வரும்போது ரோட்டோரம் காரை நிறுத்தச் சொல்லி ஒரு பனையோலைப் பெட்டி வாங்கினாள். விமானத்தில் 23 கிலோதான் விடுவார்கள் என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அது நிறையக் கருப்பட்டியை அடுக்கிவிட்டாள். கருப்பட்டி தீர்ந்த பிறகுதான் பாட்டியிடம் பெட்டியைக் காட்ட முடியும்.