டேப்பட் கவர் கசிவு: மண்டபம் (ராமேஸ்வரம் அருகே கடலோர ஊர்) நாட்குறிப்பு

9 ஜூன் 2024, ஞாயிறு

மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். நிறுத்திய இடத்தில், சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நேர் கீழே நாணய அளவுக்கு ஆயில். அதைப் பார்த்ததும் சம்ப் பேக்கிங் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் பட்டை) வாங்க ஓட வேண்டாம். ஆயில் மேலே கசிந்தாலும், இன்ஜின் ஓரமாக வழிந்து, அடியில் வந்துதான் சொட்டும். ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாக உலர விட்டாயிற்று. பிறகு இணைப்பு ஓரங்களில் முகப் பவுடர் தூவி 20 நிமிடம் ஐடிலில் ஓட்டம். சைலன்சர் பக்கம், டேப்பட் கவரின் (இன்ஜின் தலையின் மேல்மூடி) பின்மூலையில் மட்டும் பவுடர் பழுப்புச் சேறாகியிருக்கிறது. வண்டி நிற்கும்போது வரும் தீய்ந்த வாடைக்கும் இதுதான் காரணம்: சூடான மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) ஆயில் சொட்டிக் கருகுகிறது.

10 ஜூன், திங்கள்

மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரம். ஸ்பேர் கடை முழுக்க விசைப்படகு இன்ஜின் வேலைக்காரர்கள். மாடல் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, இன்ஜின் நம்பரும் வேண்டும். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் பேக்கிங் மாறும். கவர் பேக்கிங்கோடு ஸ்பார்க் பிளக் குழி ரிங்குகள், போல்ட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்கள், ஒரு டியூப் சிலிகான் பேஸ்ட். வாஷரை விட்டுவிட்டுப் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் போல்ட் வழியாகவே கசியும்.

15 ஜூன், சனி

கடலோர வண்டியில் பாதி வேலை போல்ட்டோடுதான். அலுமினியத்தில் இரும்பு போல்ட், நடுவில் உப்புக்காற்று: மரையில் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். துருநீக்கி ஆயில் அடித்து ராத்திரி முழுக்க ஊற விடணும். கழற்றும்போது முதலில் இம்மியளவு இறுக்கி, 'டிக்' என்று அசைந்த பிறகு தளர்த்தணும். ஆறு பட்டை சாக்கெட் போட்டால் தலை மொட்டையாகாது.

16 ஜூன், ஞாயிறு

கச்சான் காற்று எழும்பிவிட்டால் கவரைத் திறக்கக் கூடாது. கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) மேலேயே மணல் விழும். விடிந்ததும் தொடங்கி எட்டு மணிக்குள் மூடிவிட வேண்டும். ஆயிலை வடிக்கத் தேவையில்லை. கவர் ஒட்டியிருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டணும். நடுவில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் கவர் உட்காரும் பரப்பு கீறி, புதுப் பேக்கிங்கும் கசியும்.

பழைய பேக்கிங் வெளியே வந்தது. வளைத்ததும் அப்பளம் மாதிரி முறிகிறது. கவரின் பள்ளத்தை பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, ஸ்பிரிட் துணியால் துடைப்பு. ஆயில் பிசுக்கு துளி இருந்தாலும் சிலிகான் பிடிக்காது. சிலிகானும் கேம் கேப் (கேமைப் பிடிக்கும் மூடி) இன்ஜின் தலையோடு சேரும் மூலைகளில் மட்டும், கடுகளவு. தாராளமாகப் பூசினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து, ஆயில் பம்ப் வலையை அடைக்கும்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாகச் சமமாக இறுக்கணும். இப்படிப்பட்ட 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். சர்வீஸ் கையேட்டு அளவு வேறானால் அதுவே கணக்கு. "இன்னும் ஒரு பிடி" என்று அழுத்தினால் ரப்பர் பிதுங்கும், அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வரும்.

பி.சி.வி. வால்வையும் (இன்ஜின் உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு) கழற்றிப் பார்த்தாயிற்று. குலுக்கினால் கடகடக்க வேண்டியது, கரியில் ஊமையாகிக் கிடந்தது. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி எந்த சீலையும் தள்ளும். புதிது போட்டாயிற்று. இதை விட்டிருந்தால் அடுத்த வருடம் இதே வேலைதான்.

17 ஜூன், திங்கள்

சிலிகான் காய 24 மணி நேரம் கழித்துத்தான் ஸ்டார்ட்.

கையோடு வேறொரு விஷயம்: வீட்டில் மிச்சமிருக்கும் கிரீஸை பிரேக் சீலில் தடவிவிடாதீர்கள். அந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப் போகும். அதற்கு பிரேக் ஆயிலே (பிரேக் ஃப்ளூயிட்) போதும்.

23 ஜூன், ஞாயிறு

மறுபடி பவுடர், மறுபடி 20 நிமிடம். பின்மூலை வெள்ளையாகவே இருக்கிறது. சம்ப் டிரெயின் போல்ட்டைச் (ஆயிலை வடிக்கும் போல்ட்) சுற்றி மட்டும் லேசான ஈரம். முன்பு ஆயில் மாற்றியவர்கள் ஒருமுறை நசுங்கிய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஆயில் மாற்றும்போது புது வாஷர்.