ஐம்பது ரூபாய்ச் சட்டத்தை மாற்றச் சொல்லி நாங்கள் நடந்த நடை

வேலூர் மாவட்டத்தில் பொய்கை மாட்டுச் சந்தை செவ்வாய்க்கிழமை கூடும். விரிஞ்சிபுரத்தில் பிறந்தவன் நான். அந்தச் சந்தையின் தூசியும் சாண வாடையும் பிள்ளைப் பருவத்திலிருந்தே எனக்குப் பழக்கம். வேலூர் லாங்கு பஜாருக்கு மூட்டை ஏற்றிப் பிழைத்த என் அப்பா வண்டிமாடு வாங்கியதும் விற்றதும் அங்கேதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாயன்று, சந்தையை விட்டுக் கிளம்பிய ஒரு சிறிய லாரியில் பதினான்கு மாடுகளை எண்ணினேன். நெரிசலில் விழுந்துவிட்ட கிழட்டுப் பசு ஒன்றை எழுப்புவதற்காக அதன் கண்ணில் மிளகாய்த்தூளைத் தேய்த்தார்கள். லாரியின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன்.

மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அங்கிருந்தவர் பொறுமையாகவே சொன்னார்: “ஐயா, இதில் நாங்களாகப் போய் யாரையும் கைது செய்ய முடியாது. நீதிமன்றம் வரை போனாலும் அபராதம் ஐம்பது ரூபாய்தான்.”

நான் நம்பவில்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது உண்மை. அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, வலிக்கும்படி வண்டியில் அடைத்துக் கொண்டுபோவது எல்லாம் 11ஆவது பிரிவில் வருகின்றன. முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. கொடூரமாகக் கொல்வது, விலங்குச் சண்டை நடத்துவது போன்ற சிலவற்றில் மட்டுமே காவல் துறை வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978ஆம் ஆண்டு விதி இருக்கிறது. மீறுகிறவருக்கு அந்த ஐம்பது ரூபாய் லாரிக்கு டீசல் போடும் காசுகூட இல்லை. சட்டம் வந்த காலத்தில் ஐம்பது ரூபாயைக் கண்டு என் அப்பா பயந்திருப்பார். இன்று யார் பயப்படுவார்கள்?

சந்தை நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தோம். முதலில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். “இது மத்திய அரசின் சட்டம், எம்.பி.யைப் பாருங்கள்” என்றார்கள். எம்.பி. அலுவலகம் ஒன்றில், “போலீஸ் மாநில அரசிடம் அல்லவா இருக்கிறது?” என்றார்கள். இப்படியே மூன்று மாதம் போனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலைப் பாருங்கள். 17ஆவது இனம், விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுத்தல். நாடாளுமன்றமும் திருத்தலாம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு சட்டமன்றமும் திருத்தலாம். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு இணைத்த பிறகு எங்களை யாரும் அடுத்த வாசலுக்கு அனுப்பவில்லை.

இதற்குச் சான்று எங்கள் ஊரிலேயே இருந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தியது இதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். ஜல்லிக்கட்டோடு, காளைகளை ஓடவிட்டு நேரம் பார்க்கும் எங்கள் பக்கத்து எருது விடும் விழாவின் பெயரும் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

ஆனால் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் இதே விழாதான் பெரிய தடையாக நின்றது. அணைக்கட்டு வட்டத்து ஊர் ஒன்றில் விழாக் குழுவினர் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார்கள்: “மாட்டுக்குச் சட்டம் என்று வந்தவர்கள் எல்லாம் கடைசியில் எங்கள் விழாவை நிறுத்தத்தான் வந்தார்கள். நீங்கள் யார்?” நியாயமான கேள்வி. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த அதே தீர்ப்பில்தான், இந்தச் சட்டத்தின் தண்டனைகளைக் கூட்ட வேண்டும் என்றும் நாடாளுமன்றத்திடம் எதிர்பார்த்தது. அதை மறைத்துக் கையெழுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். திண்ணையில் பேச்சு சூடாகிவிட்டது. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அப்போது காளை வளர்க்கும் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “தம்பி, நான் பிள்ளைபோல வளர்த்த கிடாரியை விற்றேன். அதை எப்படி ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியும். தாளைக் கொடு” என்றார். விழாவில் ஓடி விநாடிக் கணக்கில் பரிசு வாங்கும் காளைக்கு அவர் கொடுக்கும் தீவனமும் கவனிப்பும் நான் கண்ணால் கண்டவை. சந்தை லாரியில் வால் முறுக்கப்படும் மாட்டுக்காக அவரைவிட உண்மையாகப் பேசக்கூடியவர் யார்? அன்று மாலையே மனுவைத் திருத்தினோம். விழா பற்றி இதில் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முதல் பத்தியிலேயே எழுதினோம். அதனால் சென்னையிலிருந்து உதவிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் விலகிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் அந்தத் திருத்தம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மாடு வைத்திருப்பவன் கையெழுத்து இல்லாத மனுவை இந்த மாவட்டத்தில் எந்த அரசியல்வாதியும் பொருட்படுத்த மாட்டார்.

சட்டம் மாறும்வரை காத்திராமல் செய்யக்கூடியவற்றைத் தனி மனுவாக்கி, ஒரு திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தோம். வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பாரமாடுகளைப் பூட்டக் கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதி ஒன்று உண்டு. வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசி முழுக்க அது பொருந்தும். அதைச் சந்தைகளில் பலகையாக வைக்கும்படி கேட்டிருந்தோம். கால்நடை பராமரிப்புத் துறைக்கு அனுப்பப்பட்டதாகக் கடிதம் வந்தது. அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறோம்.

மறுபடி எம்.பி. அலுவலகம். இம்முறை உதவியாளர் ஓர் இளைஞர். நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். “இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் ஏற்கெனவே ஐந்தாண்டு வரை தண்டனை இருக்கிறதே?” என்று கேட்டார். அது கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் முடமாக்கிப் பயனற்றதாக்குவதற்கும். அடித்துத் துன்புறுத்தி உயிரோடு விட்டுவிட்டால் மறுபடி ஐம்பது ரூபாய்தான் என்று விளக்கினோம். 2022 நவம்பரில் மத்திய அரசே ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டதையும், கொடூரச் செயலுக்குக் குறைந்தது 50,000 ரூபாய் அபராதம் என்று அதில் இருந்ததையும் காட்டினோம். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவைப் பற்றியும் பேச்சு வந்தது. இந்தச் சட்டத்துக்கு விதையே ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் என்றேன். அவருக்கு அது புதிய செய்தி. நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னது: “மசோதாவுக்கு நாள் பிடிக்கும். முதலில் மக்களவை விதி 377இன் கீழ் அவையில் எழுப்பப் பார்க்கலாம். 250 சொற்களுக்குள் எழுதித் தாருங்கள்.”

எங்கள் மனு மூன்று பக்கம். இரண்டு இரவு உட்கார்ந்து வெட்டினேன். முதலில் போனது அப்பாவின் மாடுகள் பற்றி நான் எழுதியிருந்த பத்தி. கழுத்துப் புண் ஆறும்வரை நுகத்தடி வைக்க மாட்டேன் என்று பதினைந்து நாள் கூலியை விட்ட மனிதர் அவர். பிறகு மிளகாய்த்தூளையும் அடித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். கடைசியில் மிஞ்சியவை மூன்று கோரிக்கைகள்: அபராதத்தை உயர்த்துங்கள், காவல் துறை நேரடியாக நடவடிக்கை எடுக்க வழிசெய்யுங்கள், 2022 வரைவை அவைக்குக் கொண்டுவாருங்கள்.

அந்தத் தாள் டெல்லிக்குப் போயிருக்கிறது. இன்னும் வாசிக்கப்படவில்லை. அடுத்து, சட்டமன்றத்தில் கால்நடை பராமரிப்புத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டை விவாதிக்கும் மானியக் கோரிக்கை வருவதற்கு முன் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோரையும் பார்த்துவிட வேண்டும். அணைக்கட்டுப் பக்கம் இரண்டு ஊர்களின் கையெழுத்துத் தாள்கள் இன்னும் கைக்கு வரவில்லை. வருகிற செவ்வாய் பொய்கையில் கொண்டுவந்து தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.